கால் பங்கு

பொன்னுலிங்கம் தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. கவிழ்ந்து கிடக்கிற நாலு சீட்டின்மேல் இடது கையை ஊன்றிக்கொண்டு, “ஏத்துதேன்” என்று வலது கையால் ஒரு அடுக்குக் காயை நடுவில் தள்ளுகிறான். உப்பளம் வைத்திருப்பவன், வருஷம் பூராவும் மழையோடு பந்தயம் கட்டுகிறவன், அவனுக்குச் சீட்டு என்ன பெரிய விஷயம். “பாக்காமலே ஏத்தினா எப்படி அண்ணாச்சி” என்று முனகிக்கொண்டே வக்கீல் கோமதிநாயகமும் அதே அளவு போடுகிறார். பெர்னதெத் அதற்கும் மேல் இன்னொரு மடங்கு ஏற்றுகிறாள். இந்த மேஜையில் யாரும் சும்மா விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பெர்னதெத் வீட்டு மாடி ஹாலில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இப்படித்தான். காசு கிடையாது, பிளாஸ்டிக் காய்தான், ஆனால் காசு வைத்து ஆடுகிறவர்கள்கூட இவ்வளவு வெறியோடு ஆடமாட்டார்கள். என் முறை. சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். கைகூட அதன்மேல்தான் இருக்கிறது. ஆனால் கட்டைவிரல் தொடங்கிவிட்டது. ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டு, ஏதோ மாத்திரையை உருட்டுகிற மாதிரி, நான் சொல்லாமலே, என்னைக் கேட்காமலே உருட்டுகிறது. கையை இழுத்து மேஜைக்கு அடியில் தொடையின்மேல் வைத்துக்கொள்கிறேன். தொடையின்மேலும் உருட்டுகிறது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பொன்னுலிங்கம் காயைப் பார்த்துக்கொண்டிருந்தான், வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெர்னதெத்? அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். இடது கையால் சீட்டைத் தூக்குகிறேன். ஏஸ். ரெண்டு. ராஜா. ஒன்பது. நல்ல சீட்டுதான், மோசமில்லை, போடலாம், போடுகிறேன்.

“என்ன அண்ணே, இடது கைக்கு மாறியாச்சு?” என்கிறாள் பெர்னதெத். “தோள் பிடிச்சிருக்கு” என்கிறேன், எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், வெள்ளிக்கிழமையிலிருந்து எத்தனையாவது பொய் இது. மதுரையில் ஒரு கல்யாணம் என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் டாக்டரைப் பார்க்கப் போனேன், திரும்பி வந்ததும் “சாப்பாடு எப்படி, பொண்ணு எப்படி” என்று கேட்டாள், இல்லாத பெண்ணுக்கு மூக்குத்தி போட்டு, இல்லாத பந்தியில் பாயசம் தண்ணியாக இருந்தது என்றேன். என் மனைவி அதை நம்பினாள். ஆனால் இன்று காலையில் பூசைக்குக் கிளம்பும்போது, “சட்டைப் பொத்தான் போட இவ்வளவு நேரமா, மணி அடிச்சாச்சு” என்று வாசலில் நின்று கத்தினாளே, அப்போது உண்மையில் பொத்தான்தான் ஓட்டைக்குள் போகமாட்டேன் என்றது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். சின்னப் பையன் மாதிரி முகம் அந்த டாக்டருக்கு. பழைய வெள்ளைக்காரக் கேப்டன் ஒருத்தர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று அந்த நேரத்தில் தோன்றியது எனக்கு, கேப்டன் பார்க்கின்சன், வெல்கம் டு தூத்துக்குடி சார், ஐ ஆம் யுவர் பைலட். சிரிப்புகூட வந்தது. சிரித்துவிட்டு, “நான் துறைமுகத்துல பைலட்” என்றேன். விமானமா என்று கேட்டார், எல்லாரும் கேட்பதுதான். இல்லை, கப்பல். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், அதன் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறி, மேலே போய் நின்று, அதை உள்ளே கொண்டுவந்து கட்டுகிற வேலை என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நடுவில் மூன்று சீட்டு திறக்கிறது. மூணு, ஏழு, ராணி. இந்த ஆட்டத்தில் குவியல் ரெண்டாகப் பிளக்கும், பாதி பெரிய கைக்கு, பாதி சின்ன கைக்கு. நம் கையிலிருந்து ரெண்டு சீட்டு, நடுவில் திறக்கிற அஞ்சிலிருந்து மூணு, அதை வைத்து மேலே போகலாம், அல்லது எட்டைத் தாண்டாமல் அஞ்சு சீட்டும் சேர்த்து அடியிலும் போகலாம். அடியில் யாருடையது ஆகச் சின்னதோ அவனுக்குப் பாதி. வெளிநாட்டுக் கப்பலில் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பெர்னதெத்தின் புருஷன் எட்வின்தான். ரெண்டு பக்கமும் ஜெயிக்க வழியிருப்பதால் எல்லாருக்கும் ஆசை விடாது, யாரும் சீட்டைக் கவிழ்த்து விலகமாட்டார்கள், அதனால்தான் இதில் வெறி ஏறும் என்பான். என்னிடம் ஏஸும் ரெண்டும் இருக்கிறது, அடியில் ஏஸ் ஒன்றுக்குச் சமம். நடுவில் மூணும் ஏழும் வந்துவிட்டது. இன்னும் ஒரு சின்னச் சீட்டு வந்தால் போதும். பொன்னுலிங்கம் இப்போதுதான் தன் சீட்டைத் தூக்கிப் பார்த்து, “அட, இருக்குல!” என்று தனக்கே ஆச்சரியப்பட்டு ஏற்றுகிறான். பெர்னதெத் மறுபடியும் ஏற்றுகிறாள். வக்கீல் பெருமூச்சு விட்டுக்கொண்டு போடுகிறார். நான் இடது கையால் போடுகிறேன். வலது கை தொடைமேல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சும்மா வைத்திருக்கும்போதுதான் ஆடும், எதையாவது பிடித்தால் நின்றுவிடும், அதையும் டாக்டரே சொன்னார், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் ஏணியில் ஆடாதே? ஏணியில் நான் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்? என்று கேட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி கேட்டேன். “ஆடுறது பிரச்சினை இல்ல சார். பிடிக்கணும்னு நீங்க நினைக்கிறதுக்கும் விரல் பிடிக்கிறதுக்கும் நடுவுல ஒரு நொடி தாமதமாகும். இப்போதைக்கு ஏணி வேண்டாம்.” ஒரு நொடிதானே. ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தானே. மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமே. சரியாகாது, குறையும் என்றுதான் சொன்னார். குறைந்தால் போதுமே. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது, திரும்பவும் முதலிலிருந்து, பிடித்தால் நின்றுவிடும், ஏணியில் பிடித்துக்கொண்டுதானே, ஒரு நொடிதானே. மூன்று நாளாக இதே வட்டம்தான், சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, கோயிலில் எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது.

ஒரு நொடி என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். போன வாரம் தெரிந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம், படகு ஏறி ஏறி இறங்குகிறது. அலை படகை மேலே தூக்கும்போது, அது உச்சிக்கு வருகிற கணத்தில் ஏணிக்கு மாறிவிட வேண்டும், முந்தினாலும் ஆகாது பிந்தினாலும் ஆகாது. இதை நான் ஆயிரக்கணக்கான தடவை யோசிக்காமல் செய்திருக்கிறேன். அன்றைக்கு இடது கை கயிற்றைப் பிடித்தது. வலது கை அங்கே போனது, போய்த் திறந்தபடியே இருந்தது. பிடி என்றேன். பிடிக்கவில்லை. படகு காலடியிலிருந்து கீழே போய்விட்டது. ஒரு கையில் தொங்கினேன். பிறகுதான் அது, ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி, நிதானமாக மூடிக்கொண்டது. கீழேயிருந்து செராங் மரியதாசு, படகு ஓட்டுகிறவர், “சார்!” என்று அலறினார். மேலே ஏறி, கப்பலை உள்ளே கொண்டுவந்து, கட்டி முடித்து, கேப்டன் கொடுத்த காபியைக் குடித்து, எல்லாம் முடிந்து திரும்பும்போதுதான் மரியதாசு கேட்டார், “வழுக்கிச்சா சார்?” “வழுக்கிச்சு” என்றேன். ஏணி காய்ந்து கிடந்தது அவருக்கும் தெரியும். அவர் துணியை எடுத்து எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாலாவது சீட்டு. எட்டு. வந்துவிட்டது. ஏஸ், ரெண்டு, மூணு, ஏழு, எட்டு. அடியில் இதைவிடச் சின்னது யாராலும் காட்ட முடியாது. பாதிக் குவியல் என்னுடையது, கூட யாராவது இதே ஏஸையும் ரெண்டையும் வைத்துக்கொண்டிருந்தால் ஒழிய. தொடைமேல் கை துள்ளுகிறது, சந்தோஷம் என்றாலும் ஆடும் பயம் என்றாலும் ஆடும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது. இடது கையால் காயை எடுக்கப்போகிறேன், அடுக்கு சரிந்து தரையில் கொட்டுகிறது, பொறுக்குவதற்கு வலது கை தானாகவே வெளியே வந்துவிடுகிறது. மேஜைமேல். எல்லார் கண்ணுக்கும் முன்னால். ஆடுகிறது.

“ஏல!” என்று கத்துகிறான் பொன்னுலிங்கம். முடிந்தது என்று நினைக்கிறேன். தெரிந்துவிட்டது, நாளைக்கு ஊர் பூராவும் தெரியும். “வக்கீலே, இவன் கையைப் பாரும்! ஆடுது! வெயிட்டா வச்சிருக்கான்ல. நல்ல சீட்டு விழுந்தா கை ஆடும்வே, மறைக்கவே முடியாது. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணா இருக்கோம், இவனுக்கு இப்படி ஆடி நான் பார்த்ததே இல்ல.” வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் கையைப் பார்க்கிறார், கோர்ட்டில் காட்டுகிற பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, “அப்ப நமக்கு வேலை இல்லை” என்று தன் நாலு சீட்டையும் கவிழ்த்துவிட்டார். நான் கையைக் கீழே இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று தெரியவில்லை. மூன்று நாளாகச் சட்டைப் பையிலும் தொடைக்கு அடியிலும் ஒளித்து வைத்திருந்த கை, வெளிச்சத்தில், பச்சைத் துணிமேல் கிடக்கிறது, அதைப் பார்த்து மூன்று பேர் பயப்படுகிறார்கள். ஆடட்டும். இன்னும் நன்றாக ஆடட்டும். பொன்னுலிங்கம் சொல்வதுதான் நிஜம் என்று வைத்துக்கொண்டால் என்ன? நல்ல சீட்டு வந்த மனுஷன், சந்தோஷம் தாங்காமல் கை ஆடுகிறது, அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை மதுரையில் நிஜமாகவே ஒரு கல்யாணம் நடந்தது. எவ்வளவு லேசாக இருக்கிறது. ஒரு அடுக்குக் காயை அந்த ஆடுகிற கையாலேயே தள்ளுகிறேன். பிடித்ததும் ஆட்டம் நிற்கிறது, விட்டதும் தொடங்குகிறது. பொன்னுலிங்கம் அதையும் ரசிக்கிறான்.

பெர்னதெத் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு மறுபடி கையை. காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவள், கண்ணாடிக் குழாயில் நிறம் மாறுகிறதா என்று இப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். அந்த நாற்காலியில் முன்பு எட்வின் இருப்பான். நானும் அவனும் ஒரே நேரத்தில் பைலட் ஆனவர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், இதேபோல் கச்சான் அடிக்கிற ஒரு காலையில், நான் ஒரு கப்பலை வெளியே எடுத்துக்கொண்டு போகும்போது கையிலிருந்த வாக்கிடாக்கியில் “பைலட் தண்ணியில! பைலட் தண்ணியில!” என்று கேட்டது. என் கப்பலை நிறுத்த முடியாது, அவ்வளவு பெரிய இரும்பை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, நான் கொடுக்க வேண்டிய உத்தரவுகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், பத்து டிகிரி வலது, நேராக, மெதுவாக, வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. வேறொரு கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் எட்வின் விழுந்திருக்கிறான். அடக்கம் முடிந்து மூன்று மாசம் நாங்கள் யாரும் சீட்டைத் தொடவில்லை. பெர்னதெத்தான் போன் பண்ணினாள். “அவர் சேர் காலியாத்தான் கிடக்கு. நான் உக்காந்தா ஆடுவீங்களா?” முதல் நாளே எங்கள் மூன்று பேரையும் துடைத்துவிட்டாள். எட்வின் யோசித்து யோசித்து ஆடுவான், இவள் பாய்வாள், கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் பாய்வாள், இழக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரி ஆடுவாள், அதைப் பார்த்துத்தான் நாங்களும் இப்படி ஆனோம்.

அஞ்சாவது சீட்டு ராஜா. “கூட்டுதேன்” என்கிறாள் பெர்னதெத். தன்னிடமிருக்கிற எல்லாக் காயையும் நடுவில் தள்ளுகிறாள்.

அஞ்சாவது சீட்டு ராஜா. பொன்னுலிங்கம் தன் சீட்டைப் பார்க்கிறான், நடுவைப் பார்க்கிறான், என் கையைப் பார்க்கிறான். “ரெண்டு ஜோடி இருக்குல எனக்கு. ஆனா அந்தக் கையை எதிர்த்து நான் இல்லப்பா” என்று கவிழ்க்கிறான். அவன் கவிழ்த்து நான் பார்த்ததே அபூர்வம். நான் என்னிடம் மிச்சமிருந்ததையும் தள்ளுகிறேன். மேலே எனக்கு ராஜா ஜோடிதான், அடியில் அசைக்க முடியாது, பாதி நிச்சயம், மேலேயும் ஜெயித்தால் முழுசும். அவள் வெறும் கையோடு பாய்ந்திருந்தால்? பாய்கிறவள்தானே. சீட்டைத் திருப்பிப் போடுகிறேன். அவளும் போடுகிறாள். ராணி, ராணி, நடுவிலிருக்கிற ராணியோடு மூணு ராணி. அதோடு ஒரு ஏஸ். ஒரு ரெண்டு.

பொன்னுலிங்கம் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறான். “கால் பங்குல! மேல முழுசும் அவளுக்கு, அடியில பாதி அவளுக்கு. இவ்வளவு ஆட்டமும் ஆடி உனக்குக் கால் பங்கு! ஏல இன்னாசி, நான்தான் ஏமாந்து கவுத்துட்டேனா?” ஆமாம் என்கிறேன், நானும் சிரிக்கிறேன், எனக்கு வருத்தமில்லை, கால் பங்கு போதும். பெர்னதெத் குவியலைப் பிரிக்கிறாள். என் பங்கை என் பக்கம் தள்ளிவிட்டு, கையை அதன்மேலேயே வைத்துக்கொள்கிறாள்.

“எவ்வளவு நாளா அண்ணே?”

“என்னது?”

“சீட்டை எடுக்கறதுக்கு முன்னாலயே ஆடிச்சு. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே அப்ப தெரியாது.”

சிரித்துச் சமாளிக்கலாம். தோள் பிடிப்பு, வயசு, ராத்திரி தூங்கவில்லை, எத்தனையோ இருக்கிறது, மூன்று நாளில் நன்றாகப் பழகிவிட்டேன். வாயைத் திறக்கிறேன். மூக்குத்தி போட்ட அந்த இல்லாத பெண்தான் ஞாபகம் வருகிறாள். பொன்னுலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. “என்ன சொல்லுத பெர்னா? இன்னாசி, என்னல இது?” வக்கீல் எனக்கு நேரே இருந்த தண்ணீர் டம்ளரை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்துகிறார்.

“பார்க்கின்சன்னு சொல்லுதாங்க” என்கிறேன். சத்தமாகச் சொல்லிக் கேட்டால் கேப்டன் பெயர் மாதிரி இல்லை.

“நாளைக்குக் கப்பல் இருக்கா?”

“காலையில ஒரு கரிக்கப்பல்.”

“ஏறப் போறீங்களா?”

“பிடிச்சா நின்னுரும் பெர்னா. ஏணியில பிடிச்சிட்டுத்தானே இருக்கோம். அப்படியே விழுந்தாலும், எனக்கு வயசாச்சு, பிள்ளைங்க ரெண்டு பேரும் நிலைச்சாச்சு, என் உயிர்தானே...” இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, இப்படி ஒரு யோசனை உள்ளே இருந்தது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வட்டம் போட்டுக்கொண்டிருந்த யோசனைக்கு நடுவில் இதுதான் உட்கார்ந்திருக்கிறது போல. பெர்னதெத்துக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

“நாளைக்குப் படகுல யாரு?”

“மரியதாசு.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.” ஏணி காய்ந்து கிடந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார். “சொல்லல.”

“எட்வின் விழுந்தப்ப அவர்தான் குதிச்சார் அண்ணே. கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல, பின்னாலயே குதிச்சார். தோள் எலும்பு நொறுங்கிச்சு, ஆனா விடல, இழுத்துட்டு வந்தார். எனக்கு முகம் பாக்கக் கிடைச்சதே அவராலதான். அந்த மனுஷன் நாளைக்கும் படகுலதான் இருப்பார். நீங்க விழுந்தா நிப்பாரா?”

நிற்கமாட்டார். அதை யோசிக்கவே வேண்டியதில்லை. மூன்று நாளாக நான் விழுவதை எத்தனை விதமாகப் பார்த்துவிட்டேன், தண்ணீரின் நிறம்கூடத் தெரியும், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிகூடத் தெரியும், அத்தனை தடவையிலும் தண்ணீரில் நான் ஒருத்தன்தான் இருந்தேன். மேலே படகு காலியாக இருந்தது. என்ன மனுஷன் நான், படகை யார் ஓட்டிக்கொண்டு வந்தார் என்றுகூடப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். எஞ்சினை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடி வருகிறார், சரியாகத் தூக்கமுடியாத அந்தத் தோளோடு, செருப்பைக் கழற்றுவதற்கும் நேரமில்லாமல். குதிக்காதேயும் என்று கத்தலாம், தண்ணீருக்குள்ளிருந்து கத்தினால் கேட்காது.

போனை எடுக்கிறேன். திரையில் பெயரைத் தேடவே விரல் மூன்று தடவை தவறுகிறது, நாலு பேரும் அதைப் பார்க்கிறோம், பொன்னுலிங்கம் எழுந்து வந்து, “குடுல, நான் போடுதேன்” என்கிறான். “நானே போடுதேன்” என்கிறேன். அவன் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொள்கிறான். பணி ஒதுக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஆள் இருப்பான். “சொல்லுங்க சார்” என்கிறான்.

“தம்பி, நாளைக்குக் காலையில கரிக்கப்பலுக்கு என்னைப் போட்டிருக்கு. வேற ஆளைப் போடு.”

“உடம்பு சரியில்லையா சார்? நாளைக்கு மட்டும் மாத்தினா போதுமா?”

ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறது, வெளியே நங்கூரத்தில் மூன்று கப்பல் நிற்கிறது, எது நாளைக்குரியது என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும், நீர்மட்டத்தில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும். நடுவில் நிற்பதுதான். காற்றுக்கு முகம் கொடுத்துக்கொண்டு, அசையாமல், யாரோ வருவார்கள் என்று நிற்கிறது. யாராவது வருவார்கள்.

“சார்? லைன்ல இருக்கீங்களா? நாளைக்கு மட்டுமா?”

“இல்ல தம்பி” என்கிறேன். “இனிமே எதுக்கும் என் பேரைப் போடாத.”